இதய ரிஸ்க் ரத்தப் பரிசோதனை: பேக்கேஜில் எது வேலைக்கு ஆகும், எது தாளை நிரப்பும்?

நாடிமணி (இழை தொடக்கம்)

லேப்கள் விற்கிற "ஹார்ட் பேக்கேஜ்" எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான்: லிப்பிட் புரொஃபைல் (கொழுப்பு அளவுகள்), அப்போ ஏ1, அப்போ பி (கொழுப்புத் துகள்களில் உள்ள புரதங்கள்), லிப்போபுரோட்டீன் ஏ (பரம்பரையா வரும் ஒரு கொழுப்புத் துகள்), ஹெச்எஸ் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), ஹோமோசிஸ்டீன் (ஒரு அமினோ அமிலம்). சிலதில் ட்ரோபோனினும் (இதயத் தசை சேதத்தைக் காட்டுவது) என்டி புரோபிஎன்பியும் (இதயத் தசை இழுபடுவதைக் காட்டுவது) சேர்ந்து வருது. இதில் எது சிகிச்சை முடிவை மாற்றும், எது வெறும் சிவப்பு எழுத்தில் பயம் காட்டும்? அளவு, அலகு, ரத்தம் எடுக்கும் முறை, தப்பு நடக்கிற இடம் இதெல்லாம் தெரிந்தவர்கள் விவரமா எழுதுங்க. "டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வரி போட்டுட்டு நகர வேண்டாம்.

நெஞ்சுவலியோடு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் இழையை மூடிட்டு ஈசிஜி எடுக்கிற இடத்துக்குக் கிளம்புங்க.

---

அரைஆயுள்

முதல்ல ஒரு வடிகட்டி. முடிவு உயர்ந்து வந்தால் என்ன செய்வோம், தாழ்ந்து வந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் ஒரே பதில்னா அந்த டெஸ்ட் தேவையில்லை. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு ஹெச்எஸ் சிஆர்பி 0.6 என்று குறைவா வந்தாலும் ஸ்டாட்டினை (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) நிறுத்தப்போவதில்லை.

வயது, புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) இவைதான் அடித்தளம். அமெரிக்க இதய சங்கம் 2023-ல் கொண்டுவந்த ப்ரிவென்ட் என்கிற இதய ரிஸ்க் கணக்கில் சிறுநீரக வடிகட்டும் திறனும் உள்ளே வந்துவிட்டது. அந்தத் திறனைக் கணிக்க உதவும், பேக்கேஜில் யாரும் கவனிக்காத கிரியாட்டினினுக்கு ஹோமோசிஸ்டீனைவிட மதிப்பு அதிகம். சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30 மி.கி./கிராமைத் தாண்டினால் அதுவும் இதய ரிஸ்க்தான். ரத்தப் பரிசோதனை இல்லை என்பதால் பட்டியலில் விட்டுப்போகிறது.

இந்த அடித்தளம் போட்டபிறகு "மாத்திரை ஆரம்பிக்கலாமா, பொறுக்கலாமா" என்று இழுபறியில் நிற்கிறவர்களுக்குத்தான் மற்ற குறியீடுகள். என் வரிசை: லிப்போபுரோட்டீன் ஏ வாழ்நாளில் ஒரு தடவை. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) கூடியவர், சர்க்கரைக்காரர், தொப்பை உள்ளவர் என்றால் அப்போ பி. இன்னும் இழுபறி தீரலைன்னா ஹெச்எஸ் சிஆர்பி.

---

கொழுப்புக்கணக்கு

வரிசை சரி. அதுக்கு முன்னாடி, ரிப்போர்ட்டில் இருக்கிற எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) பெரும்பாலும் அளந்தது இல்லை, கணக்குப் போட்டது என்பதைச் சொல்லிடணும். ஃப்ரீட்வால்ட் 1972-ல் கொடுத்த சூத்திரம்: மொத்தக் கொழுப்பில் ஹெச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இது செல்லாது என்பது லேப்காரர் எல்லாருக்கும் தெரியும். எல்டிஎல் 70-க்குக் கீழே இறங்கி டிரைகிளிசரைடு 150, 200 என்று இருக்கும்போதும் இது எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும் என்பதைத்தான் கோட்டை விடுறாங்க.

ஒரு கணக்கு பாருங்க. மாரடைப்பு வந்து ஸ்டாட்டினில் இருக்கிறவர். மொத்தக் கொழுப்பு 130, ஹெச்டிஎல் 32, டிரைகிளிசரைடு 240.

ஃப்ரீட்வால்ட்: 130 − 32 − 48 = 50. இலக்கு 55-க்குக் கீழே. எட்டியாச்சு, மாத்திரையை மாற்ற வேண்டாம்.

அதே எண்களை 2020-ல் வந்த சாம்ப்சன் சூத்திரத்தில் போட்டால் 59. எட்டலை. எசெட்டிமைப் (எல்டிஎல்லைக் குறைக்கும் இன்னொரு மாத்திரை) சேர்க்கணும்.

ரத்தம் ஒன்று, சூத்திரம் இரண்டு, மருந்துச் சீட்டும் இரண்டு! அதனால் ரிப்போர்ட்டின் அடியில் எல்டிஎல் எந்த முறையில் வந்தது என்று போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா நீங்களே கழிச்சுப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஐந்தால் வகுத்த விடை அச்சா வந்தால் ஃப்ரீட்வால்ட்தான். சாம்ப்சனோ 2013-ல் வந்த மார்ட்டின்-ஹாப்கின்ஸோ போட்டிருந்தால் நிம்மதி. "டைரக்ட் எல்டிஎல்" என்று அச்சடித்திருந்தால் அளந்ததுதான், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி ரீஏஜென்ட் வேறு. டிரைகிளிசரைடு ஏறினவர்களுக்கு அதுவும் ஆட்டம் காட்டும்.

இதில் எந்தச் சூத்திரச் சண்டையும் இல்லாமல் நிற்கிறது நான்-ஹெச்டிஎல், அதாவது மொத்தக் கொழுப்பில் ஹெச்டிஎல் போக மீதி. 130 − 32 = 98. மிக அதிக ரிஸ்க் உள்ளவருக்கு அது 85-க்குக் கீழே இருக்கணும். இவருக்கு இல்லை. ஒரே கழித்தலில் சாம்ப்சன் சொன்னதையே சொல்லிவிட்டது.

---

தெற்குவாசல்

அப்போ காசில்லாமல் நான்-ஹெச்டிஎல் கிடைக்கும்போது அப்போ பிக்கு எதுக்குத் தனியா பணம்? லேப் சொல்ற கதையையே இங்கேயும் சொல்ற மாதிரி இருக்கே.

---

கொழுப்புக்கணக்கு

நியாயமான கேள்வி. எல்டிஎல், விஎல்டிஎல், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஐடிஎல், லிப்போபுரோட்டீன் ஏ, தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கக்கூடிய இந்தத் துகள் ஒவ்வொன்றிலும் அப்போ பி புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதனால் அப்போ பி என்பது துகள்களின் தலைக்கணக்கு. எல்டிஎல்லும் நான்-ஹெச்டிஎல்லும் அந்தத் துகள்கள் சுமக்கிற கொழுப்பின் எடை.

எடையும் எண்ணிக்கையும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும். டிரைகிளிசரைடு கூடின உடம்பில்தான் பிரியும். அங்கே எல்டிஎல் துகள் சிறுத்துப்போய் ஒவ்வொன்றும் குறைவாகச் சுமக்கும். எல்டிஎல் 105 என்று இரண்டு பேருக்கு ஒரே எண் வரலாம். டிரைகிளிசரைடு 80 உள்ளவருக்கு அப்போ பி 85 என்றும், 260 உள்ளவருக்கு 115 என்றும் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டாமவருடைய ரிஸ்க் அப்போ பி பக்கம்தான் சாயும். நம்ம ஊர் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி பார்க்கிற முகம் இதுதான்: எல்டிஎல் சாதாரணம், ஹெச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 230, இடுப்பளவு பெருசு. "எல்டிஎல் நார்மல்" என்று அனுப்பிவிடுகிற ஆள்.

அளவுகள்: 2018 அமெரிக்க வழிகாட்டுதலில் அப்போ பி 130 மி.கி./டெ.லி. அல்லது மேலே இருந்தால் ரிஸ்க் கூட்டும் காரணி. டிரைகிளிசரைடு 200-ஐத் தாண்டினவர்களுக்கு அளக்கலாம் என்று சொல்லியிருக்கு. ஐரோப்பிய 2019 வழிகாட்டுதலில் சிகிச்சை இலக்கு மிக அதிக ரிஸ்க்குக்கு 65-க்குக் கீழே, அதிக ரிஸ்க்குக்கு 80-க்குக் கீழே, நடுத்தரத்துக்கு 100-க்குக் கீழே. சாப்பிட்டுவிட்டு எடுத்தாலும் எண் பெரிசா மாறாது. சூத்திரம் கிடையாது, நேராக அளப்பது.

---

அரைஆயுள்

இங்கே கொஞ்சம் முரண்படுறேன். எல்லாருக்கும் அப்போ பி என்று ஆரம்பித்தால் நடைமுறையில் சிக்கல். பல மருத்துவர்கள் அந்த எண்ணை வைத்து மருந்தை மாற்றப் பழகவில்லை. ரிப்போர்ட்டில் அது ஒரு வரியா உட்கார்ந்திருக்கும், முடிவு எல்டிஎல்லை வைத்துத்தான் நடக்கும். டிரைகிளிசரைடு 100-க்குக் கீழே, சர்க்கரை இல்லை, ஒல்லியான ஆள் என்றால் நான்-ஹெச்டிஎல் தாராளம்.

அப்போ ஏ1-ஐயும் அப்போ பி/ஏ1 விகிதத்தையும் தாராளமா விடலாம். ஹெச்டிஎல் பக்கத்தை மருந்தால் ஏற்றிப் பார்த்த முயற்சிகள் கையைச் சுட்டுக்கொண்டன. டார்செட்ராபிப் ஹெச்டிஎல்லை நன்றாகவே ஏற்றியது, சாவும் கூடியதால் 2006-ல் நிறுத்தினார்கள்.

---

சிவப்புக்குழாய்

மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கையைப் பார்க்கணும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும்போது நடக்கிற தப்புகள் இவை:

மாடி ஏறி இறங்கி வந்தவரை நிற்கவைத்தே எடுக்கிறது. நிற்கும்போது ரத்தத்தின் நீர் திசுவுக்குள் இறங்கும், துகள்கள் உள்ளேயே செறியும். படுத்திருப்பவரோடு ஒப்பிட்டால் கொழுப்பு எண் 10 சதவீதம் அளவுக்குக்கூட வித்தியாசப்படும். ஐந்து நிமிஷமாவது உட்காரவைத்து எடுங்க, அடுத்த தடவையும் அதே நிலையில் எடுங்க.

கையில் கட்டுற ரப்பர் பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நரம்பு கிடைக்கலைன்னு மூணு நிமிஷம் இறுக்கி வைத்து எடுத்தால் கொழுப்பும் புரதமும் பொய்யா ஏறும். அவிழ்த்துட்டு வேற கையில் பாருங்க.

மஞ்சள் மூடி ஜெல் குழாயை உறைய விடாமல் சென்ட்ரிஃபியூஜில் போடக்கூடாது. அரை மணி நேரம் நிற்கணும். அவசரப்பட்டால் ஃபைப்ரின் இழை மிதந்து மெஷின் ஊசியை அடைக்கும். ஊதா மூடி இடிடிஏ பிளாஸ்மாவில் அளந்தால் கொழுப்பு சீரத்தைவிட 3 சதவீதம் போலக் குறைவா வரும். ஒரு தடவை அது, ஒரு தடவை இது என்று மாற்றிவிட்டு "மாத்திரை வேலை செய்யுது" என்று சொல்லக்கூடாது.

ஹோமோசிஸ்டீன் இதில் தனி ரகம். குழாய்க்குள்ளேயும் சிவப்பணு ஹோமோசிஸ்டீனை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும், மணிக்கு 10 சதவீதம் அளவுக்கு ஏறும். ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரிச்சாகணும். மே மாத வெயிலில் பைக் டப்பாவில் மூணு மணி நேரம் சுத்தின குழாயில் 19 வந்திருந்தால் அதில் எவ்வளவு உடம்போடது, எவ்வளவு டப்பாவோடதுன்னு யாரும் சொல்ல முடியாது.

---

வெள்ளணு

ஹோமோசிஸ்டீன் சரியா அளந்தாலும் இதயத்துக்காக அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்தால் எண் இறங்கும். 2006-ல் வெளியான ஹோப்-2, நார்விட் இரண்டு ஆய்விலும் எண் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. உயர்ந்து வந்தால் பி12 குறைவா என்று பாருங்க, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் அது பயன். அதுக்கு பி12-ஐயே நேரா அளந்துவிடலாமே.

லிப்போபுரோட்டீன் ஏ பற்றி ஒரு கேள்வி. ஒரு லேபில் மி.கி./டெ.லி., இன்னொன்றில் நானோமோல்/லிட்டர். 2.5-ஆல் பெருக்கினால் போதும் என்று பல இடத்தில் எழுதியிருக்காங்க. சரியா?

---

கொழுப்புக்கணக்கு

இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவா சொல்றேன், இந்த இழையில் மிகவும் உருப்படியான டெஸ்ட் இதுதான்.

1963-ல் நார்வேயில் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்டிஎல் போன்ற துகளில் அப்போ ஏ என்று இன்னொரு புரதம் ஒட்டியிருக்கும் (மேலே சொன்ன அப்போ ஏ1 வேறு, இது வேறு, பெயரைப் பார்த்து குழம்பாதீங்க). அந்தப் புரதத்தில் கிரிங்கிள் என்கிற மடிப்பு திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்குச் சில மடிப்பு, இன்னொருவருக்கு 40 மடிப்பு. மடிப்பு எத்தனை என்பது பெற்றோரிடமிருந்து வருவது. மடிப்பு குறைந்தால் புரதம் சின்னது, கல்லீரல் அதை அதிகமா வெளியே விடும், ரத்தத்தில் எண்ணிக்கை கூடும்.

இப்போ ஒரே எண்ணிக்கை துகள் உள்ள இரண்டு பேரில், பெரிய புரதம் உள்ளவருக்கு எடை கூடுதலா வரும். மி.கி. என்பது எடை, நானோமோல் என்பது எண்ணிக்கை. ஆளுக்கு ஆள் துகளின் எடை மாறும்போது ஒரே எண்ணால் எப்படிப் பெருக்குவது? அதுபோக, சில ரீஏஜென்டில் உள்ள ஆன்டிபாடி அந்த மடிப்பையே பிடிக்கும். மடிப்பு கூடினவருக்கு அதிகமாவும் குறைந்தவருக்குக் குறைவாவும் எண்ணிவிடும். ஆபத்தானவரைத்தான் குறைத்துக் காட்டும் என்பது கவனிக்க வேண்டிய இடம். முடிந்தவரை நானோமோலில் தரும் லேபில் எடுங்க.

அளவு: 75 நானோமோல் அல்லது 30 மி.கி.க்குக் கீழே என்றால் கவலையில்லை. 125 நானோமோல் அல்லது 50 மி.கி.யைத் தாண்டினால் ரிஸ்க் உயர்வு. நடுவில் சாம்பல் நிறம். 2022 ஐரோப்பிய ஒருமித்த அறிக்கையின் கோடுகள் இவை. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒரு தடவையாவது அளக்கச் சொல்கிறது. தெற்காசியர்களுக்கு வெள்ளையரைவிடச் சராசரி கூடுதல்.

சாப்பாடு, நடை, யோகா எதுவும் இதை அசைக்காது. ஸ்டாட்டினும் குறைக்காது, கொஞ்சம் ஏற்றவும் செய்யும் (அதுக்காக ஸ்டாட்டினை நிறுத்தக்கூடாது). எல்டிஎல்லைக் குறைக்கிற பிசிஎஸ்கே9 ஊசி இதைக் கால்வாசி போலக் குறைக்கும். நியாசின் எண்ணைக் குறைத்தது, நோயைக் குறைக்கவில்லை.

---

தெற்குவாசல்

குறைக்கவே முடியாததை அளந்து தூக்கத்தைக் கெடுத்துக்கிறதா?

---

கொழுப்புக்கணக்கு

அந்த எண்ணைக் குறைக்க முடியாட்டியும் மற்றதை இறுக்கலாம். 42 வயது, எல்டிஎல் 135, கணக்கில் ரிஸ்க் சுமார். லிப்போபுரோட்டீன் ஏ 190 நானோமோல் என்று தெரிந்தால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பது "இப்பவே ஸ்டாட்டின்" ஆகும். அரைஆயுள் சொன்ன வடிகட்டியில் இது பாஸ். அடுத்து, கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவர்களையும் அளக்கலாம்.

வருஷா வருஷம் பேக்கேஜில் இதைத் திரும்ப வைத்து விற்பதுதான் அநியாயம். மாதவிடாய் நின்றபிறகு ஒரு தடவை, சிறுநீரில் புரதம் போகிற நோய் வந்தால் ஒரு தடவை. மற்றபடி முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமா வைத்தால் போதும்.

---

வெள்ளணு

ஹெச்எஸ் சிஆர்பி பற்றி நான் எழுதுறேன். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடு, 3-க்கு மேல் அதிகம். 2003 முதல் இதே கோடுகள். 10-ஐத் தாண்டினால் அது இதயக் கணக்கே இல்லை. காய்ச்சல், சொத்தைப் பல், ஈறு வீக்கம், மூட்டு வீக்கம், நேற்று ஓடின மாரத்தான் எதுவேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்க. 10-க்குள் இருந்தாலும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து சராசரி பார்ப்பதுதான் முறை. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் அவ்வளவு ஆடும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் ஏற்றும்.

ஜூப்பிட்டர் ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க: 2008, 17,802 பேர், எல்டிஎல் 130-க்குக் கீழே, ஹெச்எஸ் சிஆர்பி 2 அல்லது மேலே. ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் முதலானவை 44 சதவீதம் குறைந்தன. ஆனால் சிஆர்பி குறைவாக உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அதனால் "சிஆர்பி கூடினவருக்குத்தான் ஸ்டாட்டின் பலிக்கும்" என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 2017-ல் கேன்டோஸ் ஆய்வு எல்டிஎல்லைத் தொடாமல் ஒரு ஊசியால் அழற்சியை மட்டும் அடக்கி மாரடைப்பைக் குறைத்துக் காட்டியது. கூடவே உயிர்க்கொல்லித் தொற்றும் கூடியது, அந்த ஊசி இதயத்துக்கு வரவில்லை.

2024-ல் அமெரிக்கப் பெண்கள் 27,939 பேரை 30 வருஷம் தொடர்ந்த முடிவு வந்தது. ஆரம்பத்தில் ஒரே தடவை எடுத்த எல்டிஎல், ஹெச்எஸ் சிஆர்பி, லிப்போபுரோட்டீன் ஏ மூன்றும் தனித்தனியே ரிஸ்க்கைக் காட்டின. ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாகாது.

---

சிவப்புக்குழாய்

ட்ரோபோனின் பேக்கேஜ் பற்றி இரண்டு வரி. வலி ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த ஒரே ஒரு ட்ரோபோனின் நார்மல் என்றால் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. திரும்ப எடுத்து ஏறுதா என்று பார்க்கணும். அதை வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போய் மறுநாள் வாட்ஸப்பில் ரிப்போர்ட் அனுப்புறது ஆபத்தான வேலை.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் 5 மி.கி., 10 மி.கி. மாத்திரை சாப்பிடுறவங்க கட்டாயம் சொல்லணும். பல மெஷின்கள் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் ஒட்டுதலை வைத்துத்தான் வேலை செய்யும். ரத்தத்தில் பயோட்டின் நிறைந்தால் ட்ரோபோனின், என்டி புரோபிஎன்பி, டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்) எல்லாம் பொய்யாக் குறையும். 2017-ல் அமெரிக்க மருந்துத் துறை இதுக்கு எச்சரிக்கையே விட்டது. சாதாரண செக்கப்புன்னா மூணு நாள் முன்னாடியே நிறுத்துங்க. அவசரம்னா டாக்டர்கிட்ட வாயால் சொல்லுங்க.

---

அரைஆயுள்

என்டி புரோபிஎன்பி அடைப்புக்கான டெஸ்ட் இல்லை, இதயத் தசை இழுபடுவதற்கான டெஸ்ட். சர்க்கரை நோயாளிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்று அமெரிக்க சர்க்கரை நோய் சங்கம் 2022-ல் சொன்னது. மி.லி.க்கு 125 பிகோகிராமைத் தாண்டினால் எக்கோ (இதய ஸ்கேன்). உடல் பருத்தவர்களுக்குக் குறைந்தும், வயதானவர், சிறுநீரகம் மங்கியவர்களுக்கு ஏறியும் வரும். இதயச் செயலிழப்புக்கான சக்குபிட்ரில் மருந்தில் இருப்பவருக்கு பிஎன்பி (இதே வகை இன்னொரு டெஸ்ட்) எடுக்காதீங்க. அந்த மருந்தே பிஎன்பி சிதைவதைத் தடுப்பதால் எண் ஏறும். என்டி புரோபிஎன்பிதான் எடுக்கணும்.

நேரம் பற்றியும் சொல்லணும். மாரடைப்பு வந்து 24 மணி நேரம் தாண்டினால் எல்டிஎல் இறங்க ஆரம்பிக்கும், ஆகவே சேர்ந்த அன்றே லிப்பிட் எடுக்கணும். பெரிய காய்ச்சல் தணிந்த கையோடும் எடுக்கக்கூடாது. ஸ்டாட்டின் ஆரம்பித்தால் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை. எல்டிஎல் திடீரென்று 190 என்று நின்றால் டிஎஸ்ஹெச் பாருங்க, தைராய்டு மந்தமும் ஏற்றும். வெறும் வயிறு பெரும்பாலும் தேவையில்லை, டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் பட்டினியோடு திரும்ப எடுக்கலாம்.

---

நாடிமணி

நன்றி. கடைசியா ஒரு சந்தேகம். ஒரு ரிப்போர்ட்டில் "சிஆர்பி 0.4, நார்மல் 0.5 வரை" என்று பச்சை நிறத்தில் இருக்கு. 1-க்குக் கீழே இருப்பதால் குறைந்த ரிஸ்க் என்று எடுத்துக்கலாமா?

---

வெள்ளணு

பக்கத்து கட்டத்தில் அலகு பாருங்க. மி.கி./டெ.லி. என்றுதான் இருக்கும். 0.4 மி.கி./டெ.லி. என்றால் லிட்டருக்கு 4 மி.கி., நம்ம கணக்கில் 3-ஐத் தாண்டியாச்சு. பெயரில் "ஹெச்எஸ்" இல்லாவிட்டால் அது தொற்று பார்க்கிற சாதாரண சிஆர்பி. அதன் பச்சை நிறம் காய்ச்சலுக்குப் போட்டது. இவ்வளவு தாழ்ந்த அளவைத் துல்லியமா பிரிக்க அது செய்யப்பட்டதும் இல்லை. உடம்பு சரியா இருக்கும் ஒரு வாரத்தில், "ஹெச்எஸ் சிஆர்பி, மி.கி./லிட்டர்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்க.